இடது கால் முடிச்சு

லின்ஸ், ஆஸ்திரியா
12 செப்டம்பர் 1977

அன்புள்ள வ்லாஸ்தா அக்காவுக்கு,

நாங்கள் நலம். த்ரூடெக்கு மட்டும் பல்வலி. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. த்ரூடெவின் சித்தி மகள் ஹெர்மா ப்ர்னோ கண்காட்சிக்கு வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் வசந்தத்தில் இங்கிருந்து எல்லை தாண்டி நம் மொராவியாவுக்கு ஒரு சுற்றுலாப் பேருந்து விடுகிறார்கள். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும். ஒரு ஒயின் நிலவறை, மதிய உணவு, நடுவில் நம் லோம்னோவ் கோட்டை அருங்காட்சியகம். மற்ற இடமெல்லாம் கூட்டமாகத்தான் போக வேண்டும். கோட்டைக்குள் மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு நடக்கலாமாம். நீயோ அங்கேயே வேலை பார்க்கிறாய். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

நாட்டைவிட்டு ஓடியதற்காக எனக்கு விதித்த மூன்று வருடச் சிறை என் பழைய பெயரில் இருக்கிறது. கல்யாணத்தில் த்ரூடெவின் குடும்பப் பெயரை வாங்கிக்கொண்டேன். இப்போது ஆஸ்திரியக் குடிமகன். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் வியன்னா. நான் பிறந்த சமயம் அப்பா அங்கே செங்கல் சூளையில் இரண்டு வருடம் வெந்ததற்கு இப்போதுதான் பலன் கிடைத்திருக்கிறது. தாடியும் வளர்க்கிறேன்.

அம்மா போனபோது உனக்கு ஒன்றை எழுதவில்லை. உன் தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லைக் கம்பி வரை காரில் வந்தேன். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். இன்னொரு முறை அப்படி ஆகக்கூடாது. உன்னை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தபாலில் எழுதும்போது என்னைப் 'போல்டி அத்தை' என்று எழுது. அத்தை வருகிறாள் என்றால் நான் வருகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி என்றால் பயணத்தில் சிக்கல். நமக்கு அப்படி ஒரு அத்தையே இல்லை என்பது ஊரில் யாருக்கும் நினைவிருக்காது.

உன் தம்பி
ஹினெக்


லோம்னோவ்
6 அக்டோபர் 1977

அன்புத் தம்பிக்கு,

நலம். முயல்களும் நலம். த்ரூடெவின் பல்லைப் பிடுங்கச் சொல், வைத்துக்கொண்டு அழ வேண்டாம்.

போல்டி அத்தை கிளம்பப் போகிறாள் என்று படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்காதவள். இத்தனை வருடம் பொறுத்தவளுக்கு இப்போது என்ன அவசரம்? வழியில் விழுந்து கிழுந்து வைத்தால் தூக்க யார் இருக்கிறார்கள்? மூன்று வருடம் படுக்கையில் கிடக்க வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்.

சொன்னாலும் கேட்க மாட்டாள், எனக்குத் தெரியும். அதனால் இதையும் சொல்லிவிடு. என் நாற்காலி மாடியில் மூன்றாம் கூடத்தில், பச்சை ஓடு பதித்த பெரிய கணப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எல்லோரும் தொடுகிறார்கள்.

கொஞ்சம் இளைத்திருக்கிறேன். பாவாடைகளை எல்லாம் பிடித்துத் தைத்தாயிற்று. நாற்பத்து நாலு வயதில் இடுப்பு திரும்பி வந்திருக்கிறது, மாப்பிள்ளைதான் இல்லை.

அன்புடன்
அக்கா


லின்ஸ்
20 நவம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பல்லைப் பிடுங்கியாயிற்று. நீ நலந்தானே?

அத்தை வருவது முடிவாகிவிட்டது. மே 13, சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்குக் கோட்டையைப் பார்க்கப் போகிறாள். அதற்குள் உன் புகைப்படம் ஒன்று அனுப்பு. என்னிடம் இருப்பது என் கல்லூரி முடிந்த அன்று எடுத்தது. அதில் நீ பூப்போட்ட சட்டையில், கட்டை விரல் தடிமனுக்குப் பின்னலோடு நிற்கிறாய். அத்தைக்குக் கண் மங்கல். அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா.

அன்புடன்
ஹினெக்


லின்ஸ்
15 ஜனவரி 1978

அக்கா,

நலமா? கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும் பதில் இல்லை. எட்டு வாரமாகிறது. தபால்காரரைப் பார்த்தால் அவரே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யாராவது வந்து உன்னிடம் ஏதாவது கேட்டார்களா? அத்தையைப் பற்றி விசாரித்தார்களா? ஒரே ஒரு வரி எழுது.

ஹினெக்


லோம்னோவ்
26 பிப்ரவரி 1978

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன்னைக் கவலைப்பட வைத்துவிட்டேன், மன்னித்துவிடு. யாரும் வரவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை.

அருங்காட்சியக ஊழியர்களுக்குப் பயிற்சி என்று ப்ர்னோவுக்கு அனுப்பிவிட்டார்கள். நீண்ட பயிற்சி. கடிதம் எழுத வசதிப்படவில்லை. முயல்களைப் பக்கத்து வீட்டு மார்கெட்டா பார்த்துக்கொண்டாள். அவளும் என்னோடு கோட்டையில் வேலை பார்ப்பவள்தான். முயல்களுக்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது, இப்போது என்னைக் கண்டால் ஓடுகின்றன.

புகைப்படம் எடுக்க நேரமில்லை. படமெல்லாம் எதற்கு? அத்தை நேரிலேயே பார்க்கட்டும். கோட்டைக்குள் ஒரே குளிர், அதனால் தலையில் துணி கட்டிக்கொள்கிறேன். அதை மட்டும் சொல்லி வை.

அன்புடன்
அக்கா


லின்ஸ்
20 மார்ச் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் நிம்மதி. நாங்கள் நலம்.

ப்ர்னோவில் அப்படி என்ன பயிற்சி? கணப்பைத் தொடாதே என்று சொல்லவா மூன்று மாதம்?

அத்தைக்குத்தான் தினம் ஒரு பயம். நேற்று கண்ணாடி முன் நின்று, "தாடி வெச்சாலும் அப்பா மூக்கு அப்படியே தெரியுதே" என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். (அத்தைக்குத் தாடி எப்படி வரும் என்று நீ சிரிப்பாய். பயத்தில் என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. இந்த இடத்தை மையால் அழிக்கப் பார்த்தேன், அழித்தால் இன்னும் சந்தேகம் வரும் என்று விட்டுவிட்டேன்.) த்ரூடெ சொல்கிறாள், "போகாம இருந்தா நீங்க இதைவிடப் பெரிய பைத்தியமாயிடுவீங்க, போயிட்டு வாங்க" என்று.

உன்னை எப்படி அணுக வேண்டும், என்ன பேச வேண்டும் என்று அத்தைக்குத் தெளிவாக எழுது.

அன்புடன்
ஹினெக்


லோம்னோவ்
16 ஏப்ரல் 1978

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு, முக்கியமாய்க் கையில் பேனா இருக்கும்போது.

அத்தை செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூன்றாம் கூடத்துக்கு வரட்டும். கணப்பைப் பார்க்கிற மாதிரி என் பக்கத்தில் நிற்கட்டும். "இது சுடுமா?" என்று ஜெர்மனில் கேட்கட்டும். நான், "முன்னூறு வருஷமா ஆறிக் கெடக்கு" என்பேன். கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அழக்கூடாது, தொடக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. பேருந்தோடு வரும் வழிகாட்டிகளுக்கு முதுகிலும் கண் உண்டு.

இங்கே இப்போது புதுக் கூத்து ஒன்று. ஷூவுக்கு மேல் மாட்டும் கம்பளிச் செருப்பு ஞாபகமிருக்கிறதா? சுற்றுலாக்காரர்கள் அதை வழியிலேயே உதறிவிட்டு மரத்தரையைக் கீறுகிறார்களாம். கோட்டை மேலாளர் குபிஷ்டா எங்களை வரிசையாக நிற்க வைத்து, "இனிமே ஒவ்வொருத்தர் காலுக்கும் நாடாவை நீங்களே கட்டி விடணும். கழண்டுச்சுன்னா கட்டுனவங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் பூமுடிச்சுப் போட்டார்கள், பத்தடியில் அவிழ்ந்தது. நான் அப்பா திராட்சைக் கொடிக்குப் போடும் முடிச்சைப் போட்டுக் காட்டினேன். உன் பள்ளிக்கூட ஷூவுக்கும் அதைத்தானே போடுவார், நீ வழியில் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றில் இறங்காமல் இருக்க. இழுத்தால் இறுகும், உள்ளே தள்ளினால் அவிழும். மார்கெட்டா ஒரு வாரம் முயன்றாள். "இது மனுஷன் போடற முடிச்சே இல்ல" என்று விட்டுவிட்டாள்.

அத்தையை நன்றாகச் சாப்பிடச் சொல்.

அன்புடன்
அக்கா


லோம்னோவ்
8 மே 1978
(அஞ்சலட்டை)

அன்புத் தம்பிக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். பச்சைக் கணப்புக் கூடத்தில் கூரைச் சாந்து விழுந்ததால் பூட்டிவிட்டார்கள். என்னைக் கீழே, நுழைவாயில் செருப்புப் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார்கள். அத்தையிடம் உடனே சொல். மேலே ஓட வேண்டாம், வாசலிலேயே நிதானமாகப் பார்க்கட்டும்.

அக்கா


லின்ஸ்
14 மே 1978

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

அத்தை நேற்றுப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பிவிட்டாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அதனால் நீ எழுதியபடியே நேராக மூன்றாம் கூடத்துக்கு ஓடினாள். கூடம் திறந்திருந்தது, கணப்பு இருந்தது, நீ இல்லை. உன் நாற்காலியில் ஒரு குண்டு அம்மாள் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அத்தை அவளிடமே போய், "இது சுடுமா?" என்று கேட்டுவிட்டாள். "தொட்டுப் பாக்காதீங்க, மணி அடிக்கும்" என்றாளாம்.

எட்டுக் கூடம், எட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தி முகத்தையும் உற்றுப் பார்த்தாள். அதில் ஒருத்தி, "என்னய்யா பாக்குறீங்க, என்னையும் காட்சிக்கா வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். ஆயுதசாலைக்கும் ஓடினாள், குதிரை லாயத்துக்கும் ஓடினாள். எங்கேயும் நீ இல்லை.

ஆரம்பமே சரியில்லை. வாசலில் செருப்புக் கட்டிவிட ஒரு கிழவியை உட்கார வைத்திருக்கிறார்கள். எலும்பும் தோலுமாய், தலையில் துணி, புருவத்தில்கூட முடி இல்லை. இப்படி ஒரு நோயாளியை வேலை வாங்க அந்தக் குபிஷ்டாவுக்கு எப்படி மனசு வந்ததோ. அத்தையின் இடது காலைப் பிடித்தவள் விடவே இல்லை. "சீக்கிரம் கட்டும்மா, பஸ் பூரா காத்துக்கிட்டு நிக்குது" என்று வழிகாட்டி அதட்டினான். அத்தைக்குப் பாவமாகிவிட்டது. உனக்கென்று கொண்டுவந்ததில் ஒரு காபிப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும்போது செருப்பைக் கழற்றிப் பின்வாசலில் ஒரு பெட்டியில் போட வேண்டும். வலது கால் நாடா வந்துவிட்டது, இடது கால் வரவில்லை. இழுக்க இழுக்க இறுகுகிறது. ஓட்டுநர் ஹாரனை அடிக்கிறான். கடைசியில் அத்தை ஒரு காலில் கோட்டைச் செருப்போடு பேருந்தில் ஏறினாள். எல்லையில் காவல்காரன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன், மறு செருப்பையும் எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமே" என்று சிரித்தான். அத்தைக்கு உயிர் போய் வந்தது. வீட்டுக்கு வந்துதான் செருப்பை ஷூவோடு சேர்த்துக் காலிலிருந்து உருவினாள்.

ஏன் அக்கா? பயந்துவிட்டாயா? பயந்திருந்தால் சொல், கோபப்பட மாட்டேன். பத்து வருடம் இந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். அத்தை காத்திருந்தாள்.

ஹினெக்


லோம்னோவ்
27 மே 1978

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. அத்தை பத்திரமாகத் திரும்பியது போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அன்று எனக்குக் கடும் காய்ச்சல். விடுப்பு எடுத்துவிட்டேன். சொல்லி அனுப்ப வழியில்லை. அத்தையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அந்தச் செருப்புக்காரியைப் பற்றி எழுதியிருந்தாய். அவளைத் தப்பாக நினைக்காதே. நல்லவள்தான். சில சமயம் வாயில் பேச்சு வராது, அவ்வளவுதான்.

த்ரூடெயிடம் சொல், சாம்பல் நிறக் காலுறையை ஊதா நூலால் தைக்கக்கூடாது, கணுக்காலில் பளிச்சென்று தெரிகிறது. அத்தை இன்னொரு தடவை வர வேண்டாம். வந்தவரைக்கும் போதும்.

அன்புடன்
அக்கா


லின்ஸ்
18 ஜூன் 1978
(ஹெர்மா மூலம், நேரில்)

அக்கா,

24ஆம் தேதிப் பேருந்தில் ஹெர்மாவை அனுப்புகிறேன். செருப்புப் பெஞ்சில் இருப்பவள் கையில் இதைக் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

மே 8ஆம் தேதி நீ எழுதிய அட்டை இந்த வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தது. ஐந்து வாரம் எந்த மேசையில் கிடந்ததோ, யார் யார் படித்தார்களோ. நின்றபடி படித்தேன். பிறகு அலமாரியிலிருந்து அந்த ஷூவை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். முடிச்சை இழுக்கவில்லை. உள்ளே தள்ளினேன், உடனே அவிழ்ந்தது. "செருப்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஏன் இப்படி அழறீங்க?" என்று த்ரூடெ ஓடி வந்தாள்.

என் காலடியில் இருந்தது நீ. உன்னைக் கிழவி என்று உனக்கே எழுதினேன். இந்தக் கையை என்ன செய்வது?

கூடத்தைப் பூட்டிவிட்டார்கள் என்றாய், திறந்திருந்தது. காய்ச்சல், விடுப்பு என்றாய், ஊதா நூலைப் பார்த்திருக்கிறாய். ப்ர்னோவில் பயிற்சி என்றாய். எனக்கு இப்போது எல்லாம் விளங்குகிறது, விளங்காமலே இருந்திருக்கலாம் என்றும் இருக்கிறது. என்ன நோய்? எத்தனை நாளாக? டாக்டர் என்ன சொல்கிறார்? நலம் என்று மட்டும் எழுதாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

செப்டம்பர் 16 பேருந்தில் இடம் பிடித்துவிட்டேன். யார் பிடித்தாலும் பிடிக்கட்டும், வருகிறேன்.

ஹினெக்


லோம்னோவ் கோட்டை, நுழைவாயில்
24 ஜூன் 1978
(பென்சிலில்)

தம்பி,

நான் நலமில்லை.

ஹெர்மாவின் கூட்டம் மேலே போயிருக்கிறது. குடையை மறந்ததாகச் சொல்லி இந்தப் பக்கம் திரும்பி வருவாள். அதுவரை நாற்பது நிமிடம் இருக்கிறது. அனுமதிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

போன டிசம்பரில் வயிற்றில் கட்டி என்றார்கள். ப்ர்னோவில் அறுத்து எடுத்தார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள். பின்னல், புருவம் எல்லாம் அதில் போயிற்று. கூரைச் சாந்து விழவில்லை. எனக்குத்தான் மாடிப்படி ஏற முடியவில்லை. மார்கெட்டா என் நாற்காலிக்குப் போனாள், குபிஷ்டா என்னை வேலையை விட்டு அனுப்பாமல் இங்கே உட்கார வைத்தார். அவரைத் திட்டாதே. உனக்குச் சொன்னால் அன்றைக்கே கிளம்பி வந்து மாட்டிக்கொள்வாய் என்று பயந்தேன். என் நோயைவிட அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

உன்னைத் தாடியோடும் தெரிந்துகொண்டேன். முகத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்தது. இடது காலைக் குறுக்கே திருப்பி நீட்டுகிற ஆள் உலகத்தில் ஒருத்தன்தான். நீயும் என்னைப் பார்த்தாய், ஹினெக். நேராகப் பார்த்தாய். பார்த்துவிட்டு மற்றக் காலை நீட்டினாய். அப்போதுதான் எனக்குப் பேச்சு வரவில்லை. வழிகாட்டி பக்கத்தில் நின்றது இரண்டாவது காரணம்.

வலது காலுக்குப் பூமுடிச்சுதான் போட்டேன். இடதுக்கு அப்பாவின் முடிச்சு. கழற்ற முடியாமல் கொஞ்ச நேரம் நிற்பாய், யோசிப்பாய், யோசித்தால் வாசலுக்குத் திரும்பி வருவாய் என்று நினைத்தேன். நாலு மணி வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்போடு ஓடிப் போவாய் என்று யார் கண்டது.

காபி குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ கொடுத்ததைத் தினமும் அரைக் கோப்பை குடிக்கிறேன். நன்றாயிருக்கிறது.

வர வேண்டாம் என்று போன கடிதத்தில்கூட எழுதினேன். இனி அப்படி எழுத முடியவில்லை. செப்டம்பரைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் வலது செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து என் பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன், எண் 114. இடதைக் கொண்டு வா. ஒற்றைச் செருப்பு குறைகிறது என்று குபிஷ்டா வாரா வாரம் கேட்கிறார்.

படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. வந்ததும் காலை நீட்டாதே. முதலில் என் முகத்தைப் பார்.

உன் அக்கா
வ்லாஸ்தா